ஹெல்காவை ஊரில் கொண்டுபோய் விட்டது

ஹெல்கா இறந்தது பங்குனியில். ஐப்பசியில் நான் அவரை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

டொரோண்டோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் ஹெல்காவின் கதவும் என் கதவும் எதிரெதிர். இருபத்திரண்டு வருடப் பழக்கம். லிப்ட் பழுதான நாட்களில் ஒருவருக்கொருவர் பால் வாங்கி வருவோம். அவருக்கும் அரை இங்கிலிஷ், எனக்கும் அரை இங்கிலிஷ். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு இங்கிலிஷ் வந்துவிடும். அவருக்குப் பிள்ளை இல்லை, உறவு இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்து, தன் சாம்பலைத் தாயின் கல்லறையில் வைக்க வேண்டும் என்று கேட்டார். நான் ஓம் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

செக் நாடு என்றார். ஜெர்மனிக்குப் பக்கத்து எல்லையில் ஒரு சின்னக் கிராமம். ஆறு வயதில் அங்கிருந்து வெளியேறியவர், பிறகு ஒருநாளும் போனதில்லை.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெல்ல எழுதுவேன். இங்கிலிஷ் காதால் படித்தது, எழுத்துகள் மட்டும் தெரியும். ஆனாலும் கனடாவுக்கு வந்த முப்பது வருடத்தில் ஒரு கடிதத்தையும் தூக்கிக்கொண்டுபோய், இதை வாசித்துச் சொல்லுங்கோ என்று ஒருவர் வாசலிலும் நின்றதில்லை. உறையைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கொடுத்த வாக்கையும் நானே கொண்டுபோய் நிறைவேற்றுவது என்று முடிவெடுத்தேன். பேச்சுத் துணைக்கு மட்டும் ராணியைக் கூட்டிக்கொண்டேன். ராணி என் கணவரின் தங்கை. மோர்னிங்சைட்டில் இருக்கிறாள். வங்கியில் வேலை செய்து இளைப்பாறியவள், நல்ல இங்கிலிஷ் பேசுவாள், அது தனக்கு நல்லாய் வரும் என்பதையும் அடிக்கடி சொல்லுவாள்.

ப்ராக் விமான நிலையத்தில் சுங்கத்துப் பையன் என் பையைத் திறக்கச் சொன்னான். பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டு, இது என்ன என்று கேட்டான். கனடாவில் தந்த பத்திரம் ராணியின் பையில் இருந்தது. அவள் தன் பையைக் கிண்டிக்கொண்டு நின்றாள். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஹெல்கா” என்றேன். அவன் கையை எடுத்துவிட்டான். பத்திரத்தை வாசித்த பிறகு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் தந்தான். நல்லாய் வளர்த்த பிள்ளை.

ப்ராக் நகரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பார்த்தது ஒரு பின்னேரம்தான். அழகான நகரம், நடக்கிற கல்லெல்லாம் முழங்காலுக்குக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கடையில் இறைச்சிக் குழம்பும் அதோடு வெள்ளையாய் வட்டமாய் வெட்டிய ஒன்றும் வந்தன. ராணி அதைப் பிட்டு என்று நினைத்து சந்தோஷப்பட்டாள். வாயில் வைத்தால் கோதுமை மாவில் அவித்த பாண். குழம்பு ஊறினால் நல்லாய்த்தான் இருந்தது. நான் கொண்டுபோன மிளகாய்த்தூளைக் கொஞ்சம் தூவினேன், இன்னும் நல்லாய் இருந்தது. பரிமாறிய பெண் அந்தத் தூளை மணந்துபார்த்துத் தும்மிவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ரயிலில் மூன்று மணித்தியாலம் போய் ஒரு சின்னப் பட்டணத்தில் இறங்கினோம். அங்கிருந்து கிராமத்துக்கு பஸ். தரிப்பிடத்தில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது. ராணி கண்ணாடியைப் போட்டு, பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருக்கு என்றாள். பதினொன்றரை போனது, பன்னிரண்டரை போனது, நாங்கள் இரண்டு பேரும் ஒரு பூனையும்தான் நின்றோம்.

“பிந்தி வருது போல கிடக்கு மச்சாள்.”

நான் எழும்பிப் போய் அந்தக் கடுதாசியைப் பார்த்தேன். எழுத்து எனக்கு உதவாது. ஆனால் பதினொன்றரைக்கு மேலே குறுக்காய் வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தது.

“ராணி, உந்தச் சுத்தியல் என்னத்துக்கு?”

“அது சும்மா ஒரு டிசைன்.”

“பஸ் கடுதாசியில டிசைன் போட அவைக்கு விசரே? சுத்தியல் எண்டால் வேலை. வேலை நாளிலதான் பஸ் ஓடும். இண்டைக்குச் சனி.”

ராணி பக்கத்தில் ரொட்டி விற்ற பெண்ணிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். நான் சொன்னது சரி. சனியும் ஞாயிறும் அந்தக் கிராமத்துக்கு பஸ்ஸே இல்லை. இரண்டு நாள் அந்தப் பட்டணத்தில் தங்கினோம். மச்சாள் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சவ என்று ராணி பிறகு எல்லோருக்கும் சொன்னாள். சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை கண்டோம். பெரிய கோயில், பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வாகனம் விட இடம் கிடைக்காது. பூசை முடியக் கறுப்பு விதை வைத்த பணியாரம் வாங்கினோம். எள்ளு என்று நினைத்தோம், கசகசா.

திங்கள் காலை சுத்தியல் பஸ் நேரத்துக்கு வந்தது. ஏறுகிற ஒவ்வொருவரும் சாரதிக்கு வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். டொரோண்டோ பஸ்ஸில் இறங்கும்போதுதான் நன்றி சொல்லுகிறது. ஏறும்போது சொல்லுவதுதான் எனக்குச் சரியாய்ப் படுகிறது.

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே ஒருவர் வேண்டாம் என்று கேட்டார். ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லுகிறேன். நாலு பக்கமும் மலை, மலை முழுக்க ஊசி இலை மரம். நடுவில் ஒரு குளம். குளத்தைச் சுற்றி வீடுகள், கூரை எல்லாம் பனிக்காகச் செங்குத்தாய் இருக்கும். ஒரு வாய்க்கால் காட்டிலிருந்து வந்து குளத்தில் விழுந்து அடுத்த பக்கத்தால் போகிறது. மேட்டில் கோயிலும், கல்லறைகள் இருக்கிற சேமக்காலையும். கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடிச் சனம்தான் அந்த ஊரின் மொத்தச் சனம்.

ஹெல்கா எழுதித் தந்த துண்டில் வீட்டு இலக்கம் முப்பத்தொன்று என்று இருந்தது. அந்த வீட்டுக்காரருக்குக் கல்லறை தெரிந்திருக்கும் என்பது எங்கள் கணக்கு. சுலபம் என்று நினைத்தோம். கென்னடி ரோட்டில் இருபத்தொன்பதுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று இருக்கும். இங்கே நாலுக்குப் பக்கத்தில் ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் பதினேழு. குளத்தை இரண்டு தரம் சுற்றினோம். ஒரு நாய் எங்களோடு சேர்ந்து சுற்றியது.

“குடிச்சிட்டு நம்பர் போட்டிருக்கிறாங்கள்,” என்றாள் ராணி.

மூன்றாம் தரம் சுற்றும்போது, விறகு வெட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர் கோடரியை வைத்துவிட்டு இங்கிலிஷில் எங்களைக் கூப்பிட்டார். யோசெப் என்று பெயர், ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். அயர்லாந்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து இங்கிலிஷ் பழகியவர். இலக்கத்தின் கதையை அவர்தான் விளங்கப்படுத்தினார். அங்கே வீட்டு இலக்கம் தெரு ஒழுங்கில் இல்லை, கட்டிய ஒழுங்கில். ஊரில் முதல் கட்டிய வீடு ஒன்று, அடுத்துக் கட்டியது இரண்டு. இடிந்துபோன வீட்டின் இலக்கத்தை வேறு வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள். யோசெப் கையை நீட்டிக் காட்டினார்: அந்தப் புல்வெளி பத்து, அந்தப் பற்றை இருபத்தாறு. முப்பத்தொன்று நாங்கள் மூன்று தரம் கடந்துபோன வீடு. கொடி படர்ந்து இலக்கத்தை மறைத்திருந்தது.

பச்சைக் கதவு. தட்டினோம். எழுபது தாண்டிய ஒரு அம்மா திறந்தார். மாவு பூசிய கை. இங்கேதான் எங்கள் பிழை நடந்தது. ஒரு ஆளைத் தெரியாவிட்டால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது எந்த வீட்டு ஆள் என்றுதான். ஆகவே ராணி பெயரைக்கூடச் சொல்லாமல், ஹெல்காவிடம் இருந்த அந்த வீட்டின் பழைய படத்தை எடுத்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டி, “இது எங்கட ஹெல்கான்ரை வீடு” என்று இங்கிலிஷில் சொன்னாள்.

அந்த அம்மா படத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே திறப்புத் திருகிய சத்தமும் கேட்டது.

ராணிக்குக் கோபம். “என்ன மனுசி இது? வந்தவையை இருங்கோ எண்டுகூடச் சொல்லத் தெரியாதே?”

“நீர் அந்தப் படத்தைப் பைக்குள்ள வையும். முதல் வையும்.”

யோசெப் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர்தான் அந்த ஊரின் வரலாற்றுப் புத்தகத்தை எழுதுகிறவர். அந்த நாட்டில் ஒவ்வொரு ஊரும் அப்படி ஒன்று வைத்திருக்க வேண்டுமாம், எழுத ஒரு ஆளும் வேண்டுமாம். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் தந்து புத்தகத்தைக் காட்டினார். பழைய பக்கங்கள் ஜெர்மன் மொழி, பிந்திய பக்கங்கள் செக் மொழி. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சப் பக்கம் வெறுமை.

அந்த வெறுமையை அவர் சொல்ல ராணி எனக்குச் சொன்னாள். அந்த எல்லைப்பக்கத்து ஊர்களில் பல நூறு வருடமாக ஜெர்மன் பேசுகிற சனம் இருந்தது. பெரிய யுத்தத்தில் ஜெர்மன் படை அந்த நாட்டைப் பிடித்துச் செய்யாத அநியாயம் இல்லை. யுத்தம் முடிந்ததும் ஜெர்மன் பேசினவர்களை, சின்னப் பிள்ளை, கிழவி என்று பார்க்காமல், கையில் தூக்கக்கூடிய பொதியோடு ரயில் ஏற்றி அனுப்பினார்கள். ஹெல்கா அப்படிப் போனவர். தாய் அந்த வருடம் முற்பாதியிலேயே காய்ச்சலில் இறந்து அங்கேயே அடக்கமாகியிருந்தார். வெறுமையான வீடுகளில் வேறிடத்துச் சனத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். முப்பத்தோராம் இலக்கத்துக்கு வந்தது உக்ரேன் பக்கத்திலிருந்து ஒரு செக் குடும்பம். கதவைச் சாத்திய அம்மா அந்தக் குடும்பத்து மகள். பெயர் மரியா. அந்த வீட்டிலேயே பிறந்தவர்.

“ஜெர்மனியிலயிருந்து கார்ல வந்து வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவினமாம்,” என்றாள் ராணி. “சட்டப்படி ஒருத்தரும் திருப்பிக் கேக்க ஏலாதாம். எண்டாலும் கார் நிண்டால் மரியாவுக்கு நெஞ்சு இடிக்குமாம்.”

யோசெப் ஊர்த் தலைவிக்குப் போன் எடுத்தார். பேசிவிட்டு வைத்தார். ஹெல்காவின் தாயின் கல்லறை இருக்கிறது. சாம்பல் வைக்கலாம், தடை இல்லை. ஆனால் அந்தக் கல்லறையைப் பராமரிக்கிற ஆளின் சம்மதம் வேண்டும்.

“ஆர் பராமரிக்கிறது?” என்றேன்.

ராணி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “மரியாவாம்.”

எங்கள் விமானம் புதன்கிழமை. கடைசி பஸ் நாலு மணிக்கு.

நான் இடம்பெயர்ந்தவள். எங்கள் ஊர் யுத்தத்தில் தீவிலிருந்து தப்பி வந்து நாலு வருடம் யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரின் வீட்டில் இருந்தேன். சொந்தக்காரர் கொழும்பில். ஒருநாள் அவரின் தம்பி வந்தார். என்னோடு மரியாதையாய்த்தான் பேசினார். ஆனால் பேசும்போதே கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், மாமரங்களை எண்ணினார். அவர் போன பிறகு எனக்கு இரண்டு கிழமை சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் வாகனம் நின்றால் உள்ளே இருக்கிறவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

“யோசெப்பை மட்டும் அனுப்பும்,” என்று ராணியிடம் சொன்னேன். “வீடு வேண்டாம், வீட்டைப் பாக்கவும் வேண்டாம், எங்களிட்டைக் கிடக்கிறது செத்த மனுசியின்ரை சாம்பல் மட்டும் எண்டு சொல்லச் சொல்லும். நாங்கள் குளத்தடியில இருக்கிறம் எண்டும் சொல்லும்.”

குளக்கரை வாங்கில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ராணி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“திரும்பாதேயும்.”

“யன்னல் சீலை ஆடுது மச்சாள்.”

“ஆடட்டும். நீர் குளத்தைப் பாரும்.”

குளத்தில் பெரிய மீன்கள் வளர்க்கிறார்கள். பிந்திய ஐப்பசியில் தண்ணீரை வடியவிட்டு ஊரே சேர்ந்து பிடிக்குமாம். நான் மீன்பிடிகாரர் வீட்டுப் பெண். கடலில் போய்த் தேடிப் பிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த மீன்பிடி. தண்ணீரைத் திறந்துவிட்டு மீனைப் பொறுக்குவதும் ஒரு தொழில்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றரை மணித்தியாலம் போனது. இரண்டரை மணிக்குப் பின்னால் காலடி கேட்டது. யோசெப்பும் மரியாவும். மரியா சப்பாத்து மாற்றி, கையில் மண் கிண்டும் சின்னக் கரண்டி வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. மேட்டைக் காட்டி நடக்கத் தொடங்கினார், பின்னால் போனோம்.

சேமக்காலையின் ஒரு பக்கத்தில் கற்கள் விழுந்து, பாசி மூடிக் கிடந்தன. ஜெர்மன் பெயர்கள் என்றார் யோசெப். அந்த வரிசையில் ஒரே ஒரு கல் மட்டும் நிமிர்ந்து, கழுவித் துடைத்து நின்றது. முன்னால் ஊதாப் பூச்சட்டி, கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுதிரி. கல்லில் எழுத்துக் கூட்டினேன். அ-ன்-னா. ஹெல்காவின் தாய்.

ராணி குனிந்து பூச்சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள், ஏன் இதை இவ்வளவு காலமும் பார்த்தீர்கள் என்று. மரியா யோசெப்புக்குச் சொல்ல, யோசெப் ராணிக்குச் சொல்ல, ராணி எனக்குச் சொன்னாள்.

“அவவின்ரை தாய் வந்த முதல் வருசம் ஆத்துமாக்கள் திருநாள் வந்ததாம். ஊரில மிஞ்சியிருந்த கொஞ்சப் பழைய சனம் கல்லறைக்குத் திரி கொளுத்தப் போகுதாம். இவையின்ரை செத்த ஆக்கள் எல்லாம் உக்ரேனில. கொளுத்த ஒரு கல்லும் இல்லை. அப்ப இந்த வீட்டுக்காரியின்ரை கல்லறை இதுதான் எண்டு ஆரோ காட்டியிருக்கினம். அதிலை போய்க் கொளுத்தினவவாம். பிறகு ஒவ்வொரு வருசமும். தாய் செத்தாப்பிறகு இவ.”

அந்தத் திருநாளுக்குக் கல்லறை இல்லாமல் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன்.

மரியா குனியவில்லை. கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னை நேரே பார்த்து ஒன்று கேட்டார். யோசெப் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் யோசித்தார்.

“ஹெல்கா தங்களைப் பற்றி என்ன சொன்னவ எண்டு கேக்கிறா,” என்ற ராணி உடனேயே குரலைத் தாழ்த்தினாள். “நல்லதா ஏதும் சொல்லிவிடுவம் மச்சாள். உங்களைப் பாக்க ஆசைப்பட்டவ எண்டு சொல்லுறன்.”

எனக்கும் அது வாய்வரை வந்தது. நேரம் மூன்றைத் தாண்டிவிட்டது. இந்த மனுசி மாட்டேன் என்றால் ஹெல்கா என் பைக்குள்ளேயே டொரோண்டோ திரும்ப வேண்டும். ஆனால் எழுபது வருடமாக யாரோ ஒருத்தியின் கல்லைக் கழுவிவந்த குடும்பத்துக்குப் பொய் சொல்லிக் காரியம் முடிக்க எனக்கு மனம் இல்லை.

“உள்ளதைச் சொல்லும். ஹெல்கா உங்களைக் கள்ளர் எண்டுதான் சொன்னவ. ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் சொல்லுவா, என்ரை வீட்டில படுக்கிறவைக்கு நித்திரை வரக்கூடாது எண்டு. உங்கட பேர் அவவுக்குத் தெரியாது. இந்தக் கல்லு நிக்கிறதும் தெரியாது. தெரிஞ்சிருந்தால் என்ன சொல்லியிருப்பா எண்டு எனக்குத் தெரியாது.”

“மச்சாள்!”

“சொல்லும்.”

ராணி சொன்னாள். யோசெப் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். மரியா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான். நீளமாய்ப் பேசினார், கையால் கூரையைக் காட்டினார், சுவரைக் காட்டினார்.

“தன்ரை தாயும் நாப்பது வருசம் இவையைத் திட்டினவவாம்,” என்றாள் ராணி. “கூரை ஒழுகுமாம். அடுப்பு வீட்டுக்குள்ள புகையுமாம். கீழ் அறையில தண்ணி நிக்குமாம். இப்பிடியும் ஒரு வீடு கட்டுவாங்களோ ஜெர்மன்காரர் எண்டு திட்டித் திட்டித்தான் திரி கொளுத்துவாவாம்.”

மரியா முழங்காலில் இருந்து தானே கிண்டத் தொடங்கினார். நான் உதவிக்குக் குனிய, கையால் தடுத்தார். முழங்கை ஆழத்துக்குக் கிண்டினார். பெட்டியை நான் வைத்தேன். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம், அவரும் போட்டார். நான் தமிழில் பரலோக மந்திரம் சொன்னேன், மரியா செக்கில் சொன்னார். நான் ஆறுதலாய், மெல்லச் செபிக்கிறவள். அவர் முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டே இன்னொன்று கேட்டார். வேறு யாரும் வருவார்களா என்று.

“ஒருத்தரும் இல்லை,” என்றேன். “ஹெல்காதான் கடைசி.”

யோசெப் சொல்லி முடிக்கும்போது மரியாவின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம். உள்ளே வரச் சொன்னார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். அந்தப் பழக்கத்தில் அவர்களும் நாங்களும் ஒன்று. கதவடியில் இருந்த கதிரையில் உட்கார்ந்து, தந்த கேக்கைப் பார்த்துச் சாப்பிட்டேன். கூரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. ராணியின் கண் ஓடியபோது காலால் தட்டினேன். மரியா அதைக் கண்டிருக்க வேண்டும். எழும்பி வந்து என் கையைப் பிடித்து மாடிப்படியால் ஏற்றிக்கொண்டு போனார். ராணியும் யோசெப்பும் பின்னால் வந்தார்கள். மேலே ஒரு சின்ன அறை. பிள்ளைகள் படுக்கிற அறை என்றார். தானும் அதில்தான் படுத்தாராம். இப்போது கட்டில் இல்லை. நிலம் முழுக்கப் பத்திரிகை விரித்து, ஒன்றோடு ஒன்று முட்டாமல் அப்பிள் அடுக்கியிருந்தது. மாரிக்கு. மரியா குனிந்து பார்த்துப் பார்த்து நாலு பொறுக்கி என் கையில் தந்தார்.

“இந்த வீட்டிலயிருந்து ஒண்டும் வேண்டாம் எண்டெல்லோ சொன்னனாங்கள்,” என்று ராணி காதுக்குள் சொன்னாள்.

“கேட்டு வாங்கினனாங்களே? தாறா, வாங்கும்.”

கனடாவுக்குள் பழம் கொண்டுபோக விடமாட்டார்கள். பஸ்ஸிலேயே தொடங்கி, ப்ராக் போய்ச் சேருமுன் நாலையும் சாப்பிட்டு முடித்தோம். நல்ல புளிப்பு. என்னிடம் மிளகாய்த்தூள் இருந்தது, உப்புத்தான் இல்லை.